காவடித் துணிக்குள் ஒரு கம் மரம்

தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அத்தையோடு தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் ஒரு துணிக்கடைக்குப் போயிருந்தேன். மாமாவின் காவடிக்கு மஞ்சள் துணி வேண்டும். டர்பனில் தைப்பூசம் கொளுத்தும் கோடையில் வரும், அதனால் உடம்போடு ஒட்டாத துணியாகப் பார்க்க வேண்டும். அத்தை துணிச்சுருளின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவினார். கடைக்காரரிடம் தீப்பெட்டி வாங்கி அதன் நுனியைக் கொளுத்தினார். நூல் உருகிச் சுருண்டு மணியாகவில்லை. காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, விரலில் தேய்த்ததும் காணாமல் போகிற சாம்பலானது.

"பாலியெஸ்டர் இல்ல கண்ணு, ரேயான்தான். காத்து போகும்" என்று நாலு மீட்டர் வெட்டச் சொன்னார்.

காகித வாசனை வந்ததற்குக் காரணம் உண்டு. காகிதமும் ரேயானும் ஒரே பொருள்தான், மரத்தின் செல்லுலோஸ். டர்பனிலிருந்து தெற்கே கடற்கரையோரமாக ஐம்பது கிலோமீட்டர் போனால் உம்கோமாஸ் வரும். துணிக்கான மரக்கூழ் செய்வதில் உலகின் மிகப் பெரிய ஆலைகளில் ஒன்றான சாய்க்கோர் ஆலை 1950களிலிருந்து அங்கே இயங்குகிறது, இப்போது சாப்பி நிறுவனத்தின் கையில். இக்சோபோ, ஹைஃபிளாட்ஸ் பக்கத்து மலைகளிலிருந்து உம்சின்டோ வழியாக மரம் ஏற்றிய லாரிகள் இறங்கி வருவதை எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். பட்டை உரித்த வழுவழுப்பான தடிகள் பெரும்பாலும் கம் மரம். தமிழ்நாட்டில் தைலமரம் என்பார்கள், யூகலிப்டஸ்.

அந்தத் தடி எப்படித் துணியாகிறது?

மரத்தில் ஏறக்குறைய பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் செல்லுலோஸ் இருக்கிறது. மீதியில் பெரும்பகுதி லிக்னினும் ஹெமிசெல்லுலோசும். செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி. ஹெமிசெல்லுலோஸ் அதைவிடக் குட்டையான சர்க்கரைச் சங்கிலி. லிக்னின் செல்லுலோஸ் கட்டுகளை ஒட்டி நிறுத்தும் பசை. காகிதத்துக்கான கூழில் ஹெமிசெல்லுலோஸ் கொஞ்சம் தங்கினால் தப்பில்லை, நல்லதுகூட. துணிக்கான கூழில் அது ஆகாது. இந்தக் கூழ் பின்னால் திரவமாகக் கரைய வேண்டும், கரையாத துணுக்கு ஒன்று இருந்தாலும் நூல் வரும் துளை அடைத்துக்கொள்ளும். ஆகவே பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சுத்தமான செல்லுலோஸ் ஆகும்வரை மரச் சில்லுகளைக் கந்தக டை ஆக்சைடு கரைந்த அமில நீரில், மூடிய கலனில், அழுத்தத்தில் வேகவைக்கிறார்கள். பிறகு வெளுக்கிறார்கள். ஆலைக்குள் போன மரத்தில் பாதிக்கு மேல் கூழாக வெளியே வராது. கரைந்த லிக்னின் பழுப்பு நிற நீராகப் பிரியும். அதை எரித்து நீராவி எடுக்கலாம், கான்கிரீட் கலவையில் சேர்க்கலாம், மண் சாலையில் புழுதி அடங்கத் தெளிக்கலாம்.

கிடைத்த வெள்ளைக் கூழ் அட்டைபோல் காய்ந்து, கட்டுகளாகக் கப்பலேறும். நூலாகும் வேலை பெரும்பாலும் ஆசியாவில் நடக்கிறது. அங்கே கூழைக் காரத்தில் ஊறவைத்துப் பிழிந்து, கார்பன் டைசல்பைடோடு சேர்க்கிறார்கள். ஆரஞ்சு நிறப் பொடி வரும். அதை நீர்த்த காரத்தில் கரைத்தால் தேன் பதத்தில் ஒரு திரவம். இந்தத் திரவத்தின் விஸ்கோஸ் என்ற பெயரே அந்தப் பிசுபிசுப்பைக் குறிப்பதுதான். 1892இல் கிராஸ், பெவன், பீடில் என்ற மூன்று ஆங்கிலேயர்கள் காப்புரிமை பெற்ற வழி இது. அந்தத் திரவத்தை நுண்ணிய துளைகள் வழியே கந்தக அமிலத் தொட்டிக்குள் பீய்ச்சினால், இடியாப்ப அச்சிலிருந்து மாவு இறங்குவதுபோல் இழைகள் இறங்கி, அமிலம் பட்டதும் மறுபடி கெட்டியான செல்லுலோஸ் ஆகின்றன. இத்தனை வேதியியலில் சங்கிலிகள் அறுபட்டு, ஆயிரங்களில் இருந்த நீளம் சில நூறு அலகுகளாகக் குறைந்துவிடும். நனைந்த ரேயானை முறுக்கிப் பிழியக் கூடாது என்று அத்தை திட்டுவது அதனால்தான். ஈரத்தில் அதன் வலு ஏறக்குறைய பாதியாகிவிடும். கார்பன் டைசல்பைடு தொழிலாளர்களின் நரம்புகளைக் கெடுக்கும் நஞ்சு. லயோசெல் என்ற புதிய வழியில் அது இல்லை. கரைப்பானில் 99 சதவீதத்துக்கு மேல் மீட்டெடுத்து மறுபடி பயன்படுத்துகிறார்கள்.

சரி, இது ஆலைக்குள் நடக்கும் கதை. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது லாரியில் ஏறுவதற்கு முன் அந்த மரம் எங்கே நின்றது, அது நிற்பதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்பது.

சுமத்ராவில் மழைக்காடும் சதுப்பு நிலமும் அழிந்து கூழ்மரத் தோட்டங்களாயின. அங்கே கேள்வி எளிது: காட்டை வெட்டினார்களா? தென்னாப்பிரிக்காவில் இந்தக் கேள்வியைக் கேட்டால் நல்ல பதிலே கிடைக்கும். நாட்டின் நிலத்தில் இயற்கைக் காடு அரை சதவீதம்கூட இல்லை, அதற்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. கூழுக்கு வெட்டுவது நட்டு வளர்த்த மரம். எட்டுப் பத்து வருடத்தில் வெட்டலாம். கரும்பில் மறுதாம்பு விடுவதுபோல, வெட்டிய அடிக்கட்டை துளிர்க்கும். ஒன்றிரண்டு கிளையை மட்டும் விட்டு மற்றதைக் கழித்தால் அடுத்த மரம் தயார்.

ஆனால் அந்தத் தோட்டங்கள் வந்த இடம் பெரும்பாலும் புல்வெளி. எங்கள் நட்டால் பகுதியின் மூடுபனிப் புல்வெளியில் நீலத் தகைவிலான் என்றொரு குருவி உண்டு. ஆர்ட்வார்க் என்ற ஆப்பிரிக்க எறும்புத்தின்னி தோண்டிவிட்டுப் போன வளையின் கூரையில் சேறும் புல்லும் சேர்த்துக் கூடு ஒட்டும். புல்வெளி மரத்தோட்டமானால் எறும்புத்தின்னி போய்விடும், வளை போய்விடும், குருவியும் போய்விடும். இன்று தென்னாப்பிரிக்காவில் அழிவின் விளிம்பில் இருக்கும் பறவைகளில் அது ஒன்று. ஒரு காட்டு மரம்கூட வெட்டப்படாமலே இது நடந்தது. அதனால் 'காடு அழியவில்லை' என்ற ஒரு வரி எனக்குப் போதவில்லை.

அப்புறம் தண்ணீர். இந்த நாட்டின் சராசரி ஆண்டு மழை சுமார் 450 மில்லிமீட்டர், உலகச் சராசரியில் ஏறக்குறைய பாதி. கம் மரம் அதைவிட நல்ல மழை விழும் இடத்தில்தான் தழைக்கும், அதாவது ஆறுகள் பிறக்கும் கிழக்கு மலைகளில். லைடன்பர்க் பக்கம் மொக்கோபுலான் என்ற இடத்தில் இதை அளந்து பார்த்தார்கள். சிறிய நீர்ப்பிடிப்புகளை ஒப்பிடும் ஆய்வு அது. ஒன்றில் இருந்த புல்லை எடுத்துவிட்டு 1969இல் யூகலிப்டஸ் நட்டார்கள். மூன்றாம் வருடமே ஓடையில் நீர் குறைந்தது தெரிந்தது. ஒன்பதாம் வருடம் ஓடை முழுக்க வற்றியது. பைன் நட்ட இன்னொன்றில் பன்னிரண்டாம் வருடம் வற்றியது. யூகலிப்டஸ் மரங்களைப் பதினாறு வயதில் மொட்டையாக வெட்டிய பிறகும் ஓடை உடனே திரும்பவில்லை. பழையபடி வருடம் முழுக்க ஓட மேலும் ஐந்து வருடம் ஆனது.

ஏன் அவ்வளவு நாள்? புல் குளிர்காலத்தில் காய்ந்து பழுப்பாகி உறங்கிவிடும். அதன் வேரும் மேலோடு இருக்கும். கம் மரத்துக்கு இலையுதிர்வு கிடையாது, மழையில்லாத மாதங்களிலும் நீரை இழுத்து இலை வழியே விடும். ஆழமான வேர்கள் பல வருடங்களாக மண்ணின் அடியில் சேர்ந்திருந்த நீரையும் குடித்துவிடும். மரம் போன பிறகு பெய்யும் மழை முதலில் அந்தக் காலி இடத்தை நிரப்பும். அது நிரம்பிய பிறகே ஓடைக்குப் பங்கு. கீழே அந்த ஓடையை நம்பிக் குடம் வைத்திருக்கும் பெண்ணுக்கு ஐந்து வருடம் எவ்வளவு நீளம் என்று யோசிக்கிறேன்.

இப்படிப்பட்ட அளவீடுகள் வீண்போகவில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல். 1998ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டம், வணிகத்துக்கு மரம் நடுவதை நீரோட்டத்தைக் குறைக்கும் செயலாக அறிவித்தது. மழைநீரைத்தானே குடிக்கிறது என்று சொல்லித் தப்ப முடியாது. நீருக்கு உரிமம் வேண்டும். ஓடைக்கரையும் ஈரநிலமும் எங்கே முடிகின்றன என்று மண்ணின் நிறத்தையும் செடிகளையும் வைத்துக் குறித்து, அந்தக் கோட்டிலிருந்து மரத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள்.

சட்டத்துக்கு மேல் சான்றிதழ்கள். பொறுப்பாகப் பராமரிக்கும் காடுகளுக்கும் தோட்டங்களுக்கும் சான்று தரும் சர்வதேச அமைப்பு எஃப்.எஸ்.சி. அதன் சான்று ஐந்து வருடத்துக்குச் செல்லும், ஆனால் ஆண்டுதோறும் தணிக்கையாளர் தோட்டத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். இயற்கைக் காட்டை 2020 டிசம்பர் 31க்குப் பிறகு அழித்து நட்ட தோட்டத்துக்குச் சான்று கிடையாது. ஒன்றிரண்டு ஹெக்டேர் வைத்திருக்கும் சிறு விவசாயிக்குத் தணிக்கைச் செலவு தாங்காது என்பதால் குழுவாகச் சேர்ந்து ஒரே சான்று வாங்கவும் வழி வைத்திருக்கிறார்கள். இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன், இல்லாவிட்டால் சான்றிதழ் பெரிய கம்பெனிகளின் சொத்தாகிவிடும்.

சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. ஒரே கலனில் பல தோட்டத்து மரம் வேகும். எந்த இழை எந்த மலையிலிருந்து வந்தது என்று பிரிக்க முடியாது. அதனால் கணக்கு வைக்கிறார்கள்: சான்று பெற்ற மரம் உள்ளே இவ்வளவு வந்தால், வெளியே போகிற கூழில் அதற்கு ஈடான அளவை மட்டுமே சான்று பெற்றதாக விற்கலாம். லேபிளில் 'மிக்ஸ்' என்று போட்டிருப்பது இந்தக் கலவையைத்தான். சான்று இல்லாத பங்கும் திருட்டு மரமாகவோ, மக்களின் உரிமையைப் பறித்த நிலத்து மரமாகவோ இருக்கக் கூடாது. கூழ் ஆலை, நூல் ஆலை, நெசவாலை, துணி வியாபாரி என்று கை மாறும் ஒவ்வொருவரும் இந்தக் கணக்கை வைத்திருக்க வேண்டும். நடுவில் ஒருவர் வைக்காவிட்டாலும் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும்.

சான்று பெற்ற பொருளின் லேபிளில் 'எஃப்.எஸ்.சி.-சி' என்று தொடங்கி ஆறு இலக்க எண் இருக்கும். அதை இணையத்தில் போட்டால் உரியவர் யார், சான்று இன்னும் செல்லுமா என்று யாரும் பார்க்கலாம். தோட்டங்களின் தணிக்கைச் சுருக்கமும் பொதுவில் கிடைக்கும். எங்கே குறை கண்டார்கள், எதைத் திருத்தச் சொன்னார்கள் என்பது அதில் இருக்கும்.

அன்று கடையில் அத்தை பணம் கொடுத்துக்கொண்டிருந்தபோது துணி சுற்றியிருந்த அட்டைக்குழாயை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். மீட்டர் அளவும், சாயத்தின் எண்ணும், 'ரேயான் 100' என்பதும் இருந்தன. எங்கள் மலையிலிருந்து இறங்கிய மரம்தான் கடல் கடந்து நூலாகி மறுபடி எங்கள் ஊருக்கே வந்ததா என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. கடைக்காரரைக் கேட்டேன். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல தங்கச்சி. அடுத்த லாட் வரும்போது சப்ளையரைக் கேட்டுச் சொல்றேன்" என்றார். என் போன் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.