ரீமேப்: அந்த ஃபைலை எழுதினது யாரு?

பேச்சிப்பாறை தாண்டி கோதையாறு போகும் வழியில் ஓர் ஏற்றம். என் மச்சானின் டீசல் காரில் ஐந்து பேர் இருந்தோம். மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் ஆர்பிஎம் முள் 2000-லிருந்து 3000-க்குத் துள்ளுகிறது, வண்டியின் வேகமோ நாற்பதை விட்டு அசையவில்லை. கூடவே கரிந்த நாற்றம். எஞ்சினின் இழுவையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் கிளட்ச் பிடிக்காமல் வழுக்குகிறது, ஸ்லிப் ஆகிறது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், காரின் கணினியில் எண்களை மாற்றிப் பலம் கூட்டும் ரீமேப் போட்டிருந்தான். போட்ட அன்று மார்த்தாண்டம் மேம்பாலத்தில் என்னை ஏற்றிக்கொண்டுபோய், "மக்கா, பறக்குது பாத்தியா?" என்றவன், இப்போது வண்டியை ஓரங்கட்டிவிட்டு வாயே திறக்கவில்லை.

கடையைத் தேடும்போது அவன் விசாரித்தது இரண்டே விஷயம்: எவ்வளவு ரூபாய், எத்தனை பிஎச்பி கூடும். ரீமேப் என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால் வேறு கேள்விகள் கேட்டிருப்பான்.

இன்றைய காரில் நாம் மிதிக்கும் பெடல் ஒரு விண்ணப்பம்தான். அது இசியூ என்கிற கணினிக்குப் போகிறது. 'இவ்வளவு இழுவை கேட்கிறார், இந்த ஆர்பிஎம்மில் எவ்வளவு கொடுக்கலாம்?' என்று இசியூ தன் அட்டவணைகளைப் பார்க்கும். நாம் பஞ்சாங்கம் பார்ப்பது போலத்தான். குறுக்கே ஆர்பிஎம், நெடுக்கே பெடல் அளவு அல்லது காற்றின் அளவு, இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஓர் எண். அட்டவணையில் 2000-மும் 2500-மும் இருந்து எஞ்சின் 2200-ல் ஓடினால், இடைப்பட்ட மதிப்பைக் கணக்குப்போட்டு எடுத்துக்கொள்ளும். டர்போ அழுத்தம், டீசல் அளவு, பெட்ரோல் வண்டியில் தீப்பொறி விழும் நேரம், புகை வராமலிருக்க உச்சவரம்பு, கியர்பாக்ஸைக் காக்க டார்க் (முறுக்குவிசை) வரம்பு என்று இப்படி நூற்றுக்கணக்கான அட்டவணைகள். இவற்றுக்குத்தான் மேப் என்று பெயர். அதில் உள்ள எண்களை மாற்றி எழுதுவது ரீமேப். இந்த எண்களின் மொத்தத் தொகுப்பைத்தான் கடைகளில் ஃபைல் என்பார்கள். ஸ்பேனர் தொடாத வேலை.

எண்ணை மாற்றினால் பலம் கூடுவது எப்படி? டர்போவின் ஒரு பக்கச் சக்கரத்தைப் புகைக்காற்று சுழற்றும், அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். சிறிய டர்போக்கள் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுவரைகூடப் போகும். காற்று அதிகமானால் எரிபொருளும் அதிகம் எரியும், பலம் கூடும். ஆனால் காற்றை அமுக்கினால் சூடாகும். சைக்கிள் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாகர்கோவிலில் 30 டிகிரியில் இருக்கும் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்குவதாக வைத்துக்கொள்வோம். காற்றை அமுக்கும் அந்தச் சக்கரத்தின் (கம்ப்ரசரின்) திறன் 70 சதவீதம் என்றால் காற்று சுமார் 125 டிகிரியில் வெளியே வரும். அதையே 2.3 மடங்காக்கினால் ஏறக்குறைய 145 டிகிரி. வழியில் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் அதை 50 டிகிரிக்கு இறக்கினால்தான் அமுக்கிய பலன் கையில் நிற்கும்: 125-லிருந்து 50-க்கு இறங்கும்போது காற்றின் அடர்த்தி கால்வாசிக்குச் சற்றுக் குறைவாகக் கூடுகிறது. லேப்டாப்பில் ஓர் எண்ணை உயர்த்துவது நொடி வேலை. அதற்கேற்ப இன்டர்கூலர் பெரிதாவதில்லை.

கம்பெனிக்காரன் ஏன் முதலிலேயே முழுப் பலத்தையும் கொடுப்பதில்லை? ஒரே வண்டி ராஜஸ்தான் மே மாத வெயிலிலும் ஓட வேண்டும், லடாக் உயரத்திலும் ஏற வேண்டும், ஆயில் மாற்ற மறந்தவரிடமும் வாரண்டி முடியும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். அதற்காக விட்டுவைத்த இடைவெளியில்தான் ரீமேப் கைவைக்கிறது. எங்கள் பக்கம் ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். நல்ல வெட்டுக்காரர் பட்டையை ஆழமாகச் சீவினாலும் உள்ளே உயிர்ப்படலத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைப்பார். அவசரக்காரர் அதையும் சேர்த்துச் சீவுவார். அன்றைக்குப் பால் கூடுதலாகத்தான் வடியும். மரத்தில் காயம் முண்டு முண்டாக நிற்பது பிறகுதான் தெரியும்.

அந்த ஒரு மில்லிமீட்டர் எங்கே இருக்கிறது என்பது வண்டிக்கு வண்டி மாறும். ஃபியட் வடிவமைத்த 1248 சிசி டீசல் எஞ்சினையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020-க்கு முன் நம் நாட்டில் அது சில கார்களில் 74 பிஎச்பி, 190 நியூட்டன் மீட்டர் டார்க் என்று வந்தது. வேறு சிலவற்றில் 89 பிஎச்பி, 200 நியூட்டன் மீட்டர். 'ரெண்டும் ஒரே எஞ்சின், இதையும் 89 ஆக்கிடலாம்' என்பது கடைகளில் அடிக்கடி கேட்கும் வசனம். ஆனால் 89-இல் இருந்தது, புகைக்காற்றைச் செலுத்தும் இதழ்களின் கோணம் மாறும் விஜிடி டர்போ, 74-இல் இருந்தது மாறாத டர்போ. சின்ன டர்போவிடம் அதன் வரம்புக்கு மேல் காற்றுக் கேட்டால் காற்றைவிடச் சூடுதான் அதிகம் வரும், தண்டின் சுழற்சியும் எல்லை மீறும். டீசலில் காற்று போதாமல் எரிபொருளை மட்டும் கூட்டினால் கரும்புகை வரும், புகைக்காற்றின் வெப்பம் ஏறும், பிஸ்டன் அந்த வெப்பத்தைத் தின்னும்.

மச்சானின் கிளட்ச் போன கதை இதைவிட எளிது. அவனுக்கு விற்கப்பட்டது பிஎச்பி. கிளட்சுக்கு பிஎச்பி தெரியாது, டார்க்தான் தெரியும். பலம் என்பது டார்க்கும் சுற்றும் பெருக்கிய கணக்கு. 2000 ஆர்பிஎம்மில் 250 நியூட்டன் மீட்டர் கொடுத்தாலும் அது சுமார் 70 பிஎச்பிதான், விளம்பரத்துக்கு ஆகாது. ஆனால் முதுகில் தள்ளுகிற சுகம் அங்கேதான் இருக்கிறது. அதனால் சிலர் கீழ்ச்சுற்றிலேயே டார்க்கை ஒரேயடியாக ஏற்றிவிடுகிறார்கள். 190-க்குச் செய்த பழைய கிளட்ச் அதைப் பிடித்து வைக்காது. பிஸ்டனை கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுக்கும் மிகக் கடினமான இடம் அதுவே. நிதானமானவர் கீழே அடக்கி வைத்து, சுற்று ஏற ஏறத்தான் டார்க்கை விடுவார். ஆகவே கடையில் கேட்க வேண்டியது உச்ச எண் அல்ல, 1500 முதல் 4000 வரையிலான டார்க் கோடு. ஆட்டோமேட்டிக் என்றால் கியர்பாக்ஸின் தாங்கும் அளவையும் கேளுங்கள். ஃபோக்ஸ்வாகனின் ஏழு வேக உலர் கிளட்ச் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் வரம்பு 250 நியூட்டன் மீட்டர். அதோடு வரும் 1.5 டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல் எஞ்சின் கம்பெனியிலிருந்து வரும்போதே அந்த 250-ஐத் தொட்டுக்கொண்டுதான் வருகிறது.

பெட்ரோல் டர்போவுக்கு எதிரி நாக்கிங். தீப்பொறி கிளப்பிய தீ பரவி முடிவதற்குள் மிச்சக் கலவை தானாக வெடிப்பது. எஞ்சின் பிளாக்கில் பொருத்திய நாக் சென்சார் ஒரு மைக் மாதிரி. அந்தச் சத்தம் கேட்டதும் இசியூ தீப்பொறியைத் தாமதப்படுத்தும், பலம் குறையும். பெட்ரோல் நாக்கிங்கை எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு ஆக்டேன். ஐரோப்பாவில் பெட்ரோல் பங்கில் சாதாரணமாகக் கிடைப்பதே 95 ஆக்டேன், பல ஊர்களில் 98. அதற்கென்று எழுதிய ஃபைலை இங்கே ஏற்றி, பங்கில் கிடைத்ததை ஊற்றி, கடற்கரைப் புழுக்கத்தில் ஓட்டினால், கொடுத்த காசுக்கு வாங்கிய பலத்தை நாக் சென்சாரே திரும்பப் பறித்துக்கொள்ளும். அந்தச் சென்சாரின் பேச்சைக் கேட்காதபடி மாற்றித் தருகிறவரும் இருக்கிறார். அந்தக் கடையில் டீ கொடுத்தால்கூடக் குடிக்காமல் கிளம்பிவிடுங்கள்.

இனி தலைப்புக் கேள்வி. பல கடைகளில் இருப்பது 'ஸ்லேவ்' கருவி. வண்டியின் ஃபைலைப் படிக்கும், வேறெங்கோ இருக்கும் 'மாஸ்டர்' கருவிக்காரருக்கு மெயிலில் அனுப்பும், அவர் திருத்தியதை வாங்கித் திரும்ப ஏற்றும். இதில் தப்பில்லை. நல்ல எழுத்தாளர் மெட்ராஸிலிருந்து எழுதினால் என்ன, போலந்திலிருந்து எழுதினால் என்ன? ஆனால் அவர் உங்கள் வண்டியின் லாக் ஒன்றையாவது பார்த்து எழுதினாரா, இல்லை அதே மாடலுக்கு வைத்திருந்த பழைய ஃபைலை அப்படியே தட்டிவிட்டாரா? ஏற்றிய பிறகு கோளாறு வந்தால் திருத்தித் தருவாரா? கடைக்காரர் இதற்கு நேராகப் பதில் சொல்கிறாரா என்று கவனித்தாலே பாதி தெரிந்துவிடும்.

லாக் என்பது ஓட்டத்தின்போது இசியூ சொல்லும் எண்களின் பதிவு. கேட்ட டர்போ அழுத்தம், கிடைத்த அழுத்தம், உள்ளே போகும் காற்றின் சூடு, டீசல் வண்டியில் எரிபொருள் குழாயின் அழுத்தமான ரெயில் பிரஷர், பெட்ரோல் வண்டியில் நாக்கிங்கால் தீப்பொறி எத்தனை டிகிரி பின்வாங்கியது என்பது. ரீமேப்புக்கு முன் ஒன்று, பின் ஒன்று. வண்டியின் பலத்தை அளக்கும் டைனோ எந்திரம் இல்லாத கடையிலும் லாக் எடுக்கலாம், அதற்குக் காலியான சாலை வேண்டும் என்பதுதான் சிக்கல். நாகர்கோவில் - மார்த்தாண்டம் சாலையில் மூன்றாவது கியரை முழுசாக இழுக்க நினைப்பவருக்கு நேர்த்திக்கடன் ஏதாவது பாக்கியிருக்க வேண்டும்.

ஃபைல் ஏற்றும்போது இன்னொன்றையும் பாருங்கள். சாவி ஆனில் இருக்கும், சில வண்டிகளில் ரேடியேட்டர் ஃபேன் முழு வேகத்தில் அலறும், பேட்டரி இறங்கிக்கொண்டே வரும். திரையில் 60 சதவீதத்தில் வோல்டேஜ் விழுந்தால் பாதி எழுதிய இசியூ செத்த கட்டையாகிவிடலாம். பேட்டரியில் நிலையான பவர் சப்ளையை மாட்டிவிட்டுத்தான் வேலை தொடங்க வேண்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்துகிறது. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 புகை விதிப்படி செய்த வண்டியில் புகை வடிகட்டியைக் கழற்றி, 'ஃபைல்ல ஆஃப் பண்ணிடலாம்' என்றால் அது ரீமேப் இல்லை, ஊரார் மூச்சில் கைவைப்பது. எத்தனை முறை ஃபைல் ஏற்றப்பட்டது என்ற எண்ணிக்கையைப் பல இசியூக்கள் வைத்துக்கொள்ளும். பழையதைத் திரும்ப ஏற்றினாலும் சர்வீஸ் சென்டருக்குத் தெரிய வாய்ப்புண்டு.

மச்சானின் வண்டியைத் தக்கலையில் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனோம். கிளட்ச் பிளேட்டைக் கழற்றிக் கையில் கொடுத்தார். விளிம்பு நீலமாகி, லைனிங் ஆணித்தலை வரை தேய்ந்திருந்தது.

"ஒரிஜினல் ஃபைலு வாங்கி வச்சிருக்கீங்களா தம்பி?"

மச்சான் ரீமேப் கடைக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் பதில் வந்தது: "அந்த லேப்டாப்பு ஃபார்மட் ஆயிப்போச்சு."