சீனியாரிட்டி லிஸ்ட் என்னைக்கு வந்துச்சு?

வாரத்துக்கு ரெண்டு பேராச்சும் ஒரே கேள்வியோட என் வக்கீல் ஆபீஸுக்கு வந்துடுறாங்க. "சார், எனக்குப் பின்னாடி இருந்தவருக்கு புரோமோஷன் போட்டுட்டாங்க, ரோஸ்டர்ல மேல போயிட்டாரு, கேஸ் போடலாமா?" நான் திருப்பிக் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், சீனியாரிட்டி லிஸ்ட், அதாவது புரோமோஷனுக்கு யார் முன்னாடி யார் பின்னாடின்னு சொல்ற பட்டியல், என்னைக்கு வந்துச்சு? பாதிப் பேருக்கு இதுக்குப் பதில் தெரியாது, மீதிப் பேருக்கு தெரியும் ஆனா சொல்லத் தயங்குவாங்க.

2018-ல ஒரு மேடம் வந்தாங்க. தென் மாவட்டத்துல ஒரு துறையில அசிஸ்டன்ட், வீட்டுக்காரரும் கூட வந்திருந்தார் (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரத்தை மாத்தி எழுதுறேன்). மஞ்சப்பையில இருந்து ஒவ்வொண்ணா எடுத்து வெச்சாங்க, நியமன ஆணை, எஸ்.ஆர். (பணிப் பதிவேடு) ஜெராக்ஸ், டி.என்.பி.எஸ்.சி. ரேங்க் வந்த பக்கம், கடைசியா நாலா மடிச்ச சீனியாரிட்டி லிஸ்ட். பரிட்சையில அவங்க ரேங்க் 14, லிஸ்ட்ல அவங்க பேர் இருந்த இடம் 45. அந்த 45-க்குக் கீழ சிவப்புப் பேனால கோடு போட்டிருந்துச்சு, மை மங்கிப் போயிருந்துச்சு. யாரும்மா கோடு போட்டதுன்னு கேட்டேன். "இவர்தான் சார், லிஸ்ட் வந்த அன்னைக்கே போட்டார்." லிஸ்ட் தேதி 2012.

14 எப்படி 45 ஆச்சுன்னு முதல்ல சொல்லிடுறேன், ஏன்னா இது புரியாமத்தான் பாதி சண்டை நடக்குது. நம்ம மாநிலத்துல 69 சதவீதம் இடஒதுக்கீடு, 1994-ல சட்டம் போட்டு, கோர்ட்ல சுலபமா அடிபடாம இருக்க அரசியல் சட்டத்தோட ஒன்பதாவது அட்டவணையில வெச்சாச்சு. மீதி 31 பொதுப்பிரிவு. யார் எந்த இடத்துக்குன்னு சொல்றதுக்கு 200 புள்ளி ரோஸ்டர் ஒண்ணு இருக்கு, அது வேலைக்கு ஆள் எடுக்குற கணக்குக்காக வந்தது. ஆனா நம்ம ஊர்ல அந்த ரோஸ்டர் வரிசையையே அப்படியே சீனியாரிட்டி வரிசையாவும் வெச்சுட்டாங்க. பொதுப்பிரிவு இடம் சராசரியா மூணு மூணேகாலுக்கு ஒண்ணுதான் வரும், அப்ப பொதுப்பிரிவுல 14-வது ஆளா தேர்வானவங்க ரோஸ்டர்ல கிட்டத்தட்ட 45-ல போய் நிப்பாங்க. அவங்களை விடக் குறைஞ்ச மார்க் எடுத்தவங்க ஏகப்பட்ட பேர் முன்னாடி நிப்பாங்க.

இதைச் சொன்னதும் சிலர் உடனே இது முன்னேறின சாதிக்கும் மத்தவங்களுக்கும் நடக்குற சண்டைன்னு முடிவு பண்ணிடுறாங்க. அந்த மேடம் எம்.பி.சி. நல்ல மார்க் எடுத்ததால பொதுப்பிரிவு இடத்துல தேர்வானவங்க. கொஞ்சம் கம்மியா எடுத்து எம்.பி.சி. கோட்டாவுல வந்திருந்தா சீனியாரிட்டியில முன்னாடியே நின்னிருப்பாங்க! அதிகமா படிச்சதுக்கு தண்டனையா சார்னு அவங்க கேட்டப்ப எனக்கு நிஜமாவே பதில் இல்ல.

கோர்ட்டும் கிட்டத்தட்ட இதைத்தான் கேட்டுச்சு. சென்னை ஹைகோர்ட் 2015 மார்ச்ல இந்த ரோஸ்டர் சீனியாரிட்டி செல்லாது, தேர்வாணைய ரேங்க்தான் சீனியாரிட்டின்னு சொல்லிடுச்சு, 2016 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அப்பீலைத் தள்ளுபடி பண்ணிடுச்சு. அதோட முடிஞ்சிருக்கணும். அரசு என்ன பண்ணுச்சுன்னா அதே 2016-ல அரசுப் பணியாளர் பணி நிபந்தனைகள் சட்டம்னு ஒண்ணு கொண்டு வந்து பழைய ரோஸ்டர் சீனியாரிட்டியை பின்தேதியிட்டு காப்பாத்தப் பார்த்துச்சு. அதோட முக்கியமான பிரிவுகளை, 40-வது பிரிவு உட்பட, 2019 நவம்பர்ல ஹைகோர்ட் ரத்து பண்ணுச்சு. அப்புறம் 2021 அக்டோபர் 1-ம் தேதி சுப்ரீம் கோர்ட், தீர்ப்புப்படி லிஸ்டைத் திருத்தாம விட்டது நீதிமன்ற அவமதிப்புன்னே சொல்லிடுச்சு. ஆறு வருஷத்துக்கு மேல ஆச்சு, நடுவுல எத்தனை பேர் ரிட்டயர் ஆகியிருப்பாங்க.

இடஒதுக்கீட்டுக்கு எதிரான ஆள் நான் கிடையாது, எங்க வீட்லயே முதல் பட்டதாரி அதுல வந்தவன்தான். என் கோபம் அரசு வீட்டுப்பாடம் செய்யாம கோர்ட்டுக்கு வர்றது மேலதான். பதவி உயர்வுல ஒதுக்கீடு கூடாதுன்னு 1992-ல இந்திரா சஹானி தீர்ப்பு வந்ததும், 1995-ல அரசியல் சட்டத்தையே திருத்தி 16(4ஏ) கொண்டு வந்தாங்க, எஸ்.சி., எஸ்.டி.க்கு மட்டும் பதவி உயர்வுல ஒதுக்கீடு கொடுக்கலாம்னு. 2001-ல இன்னொரு திருத்தம், அப்படி மேல போனவங்களுக்கு சீனியாரிட்டியும் சேர்ந்தே கிடைக்கும்னு. 2006-ல நாகராஜ் தீர்ப்பு அதெல்லாம் செல்லும்னு ஏத்துக்கிட்டு, ஆனா கொடுக்கிறதுக்கு முன்னாடி போதிய பிரதிநிதித்துவம் இல்லைன்னு புள்ளிவிவரம் காட்டுன்னு சொல்லுச்சு. 2018-ல ஜர்னைல் சிங் வழக்குல, எஸ்.சி., எஸ்.டி. பின்தங்கினவங்கன்னு தனியா நிரூபிக்க வேண்டியதில்லைன்னு ஆச்சு, 2022-ல அதே வழக்குல, கணக்கை ஒவ்வொரு பதவிப் பிரிவுக்கும் தனித்தனியா எடுக்கணும்னு சொன்னாங்க. சுருக்கமா சொன்னா கணக்கு காட்டினா கிடைக்கும்.

கர்நாடகாவைப் பாருங்க. அவங்களோட 2002 சட்டத்தை 2017-ல பவித்ரா வழக்குல சுப்ரீம் கோர்ட் கணக்கு இல்லைன்னு தூக்கிப் போட்டுச்சு. அவங்க ரத்னப்பிரபா கமிட்டி போட்டு துறை துறையா எண்ணிக்கை எடுத்து 2018-ல புதுச் சட்டம் போட்டாங்க, 2019-ல அதே கோர்ட் அது செல்லும்னு சொல்லிடுச்சு. உத்தரப்பிரதேசம் கணக்கு எடுக்காம போயி 2012-ல தோத்துச்சு. நம்ம ஊர்ல பதவி உயர்வுக்குன்னு தனி ஒதுக்கீடு பொதுவா கிடையாது, ரோஸ்டர் சீனியாரிட்டி வழியா மறைமுகமா போனதுதான், அதுக்கும் கணக்கு எதுவும் எடுக்கல. அடி வாங்கினது ரெண்டு பக்கமும் இருந்த ஊழியர்கள்தான், ஃபைல் போட்ட ஆபீசருக்கு ஒண்ணும் ஆகல.

சரி, மேடம் கேஸுக்கு வர்றேன். 2012-ல வந்த லிஸ்ட், 2018-ல என்கிட்ட வர்றாங்க, நடுவுல என்ன பண்ணீங்கன்னு கேட்டா "மூணு மனு கொடுத்தோம் சார், பதிலே வரல". இங்கதான் நிறைய பேர் விழுறாங்க. மனு கொடுத்துட்டா கடிகாரம் நின்னுடும்னு நினைப்பு, அது நிக்காது. சதாசிவசாமின்னு ஒரு வழக்கு, நம்ம தமிழ்நாடு அரசு மேல போட்டதுதான், 1957-ல நடந்ததை 1971-ல கொண்டு வந்தார், சுப்ரீம் கோர்ட் கேக்கல. ஜூனியரை மேல தூக்கினா ஆறு மாசம், மிஞ்சிப் போனா ஒரு வருஷத்துக்குள்ள வரணும்னு அதுல சொன்னதை இன்னைக்கும் அரசு வக்கீல் முதல் பாராவுலயே எடுத்துப் போடுறார். சில பேர் இன்னும் சாமர்த்தியமா, பழைய விஷயத்துக்கு இப்ப புதுசா ஒரு மனு கொடுத்து, மனுவைப் பரிசீலிக்கச் சொல்லி கோர்ட்ல ஒரு ஆர்டர் வாங்கி, துறை நிராகரிச்சதும் அந்த நிராகரிப்பு தேதியில இருந்து கணக்கை ஆரம்பிப்பாங்க, அதையும் 2008-ல ஜேக்கப் வழக்குல அடைச்சாச்சு. செத்துப் போன கோரிக்கைக்கு பதில் லெட்டர் உயிர் கொடுக்காது. பழைய பொது விதி 35-லயே சீனியாரிட்டியைத் திருத்தச் சொல்லி மனு கொடுக்க மூணு வருஷம்தான் கெடு.

இன்னொரு தப்பு, யாருக்கு முன்னாடி நம்மள வைக்கணும்னு கேக்குறோமோ அவங்களை எதிர்வாதியா சேர்க்காம அரசை மட்டும் சேர்த்துப் போடுறது. "கூட வேலை பாக்குறவங்க சார், முகத்துல முழிக்கணும்ல" அப்படிம்பாங்க. முகத்துல முழிக்கிறது கஷ்டம்தான், ஆனா அவங்களைக் கேக்காம அவங்க சீனியாரிட்டியை கோர்ட் எப்படி மாத்தும், அந்த ஒரு காரணத்துக்கே மனு தள்ளுபடி ஆகும். மேடம் கேஸ்ல 31 பேரைச் சேர்த்தோம், தபால் செலவு, ஊர் மாறிப் போனவங்க அட்ரஸ் தேடுறதுன்னு நோட்டீஸ் அனுப்பவே நாலு மாசம் ஆச்சு. அதுல ஒருத்தர் மேடத்துக்கு எதிர் சீட்ல உக்கார்றவர், அவருக்கு தபால் வந்த அன்னைக்கு மத்தியானம் ரெண்டு பேரும் வழக்கம்போல சேர்ந்துதான் சாப்பிட்டாங்களாம்.

அரசுத் தரப்புல எதிர்பார்த்த மாதிரியே ஆறு வருஷம் தூங்கிட்டாங்கன்னு பதில் மனு போட்டாங்க. உண்மையைச் சொன்னா அந்த வாதத்துல நாங்க தோத்திருக்கலாம். நடுவுல 2019, 2021 தீர்ப்புகள் வந்து துறையே லிஸ்டைத் திருத்த வேண்டியதாச்சு, மேடம் 45-ல இருந்து மேல வந்தாங்க. ஆனா கிடைச்சது நோஷனல் புரோமோஷன். பழைய தேதியில பதவி உண்டு, இன்கிரிமென்ட் கணக்கு உண்டு, அந்த வருஷங்களுக்கான சம்பள பாக்கி கிடையாது. அந்த நாற்காலியில உக்காந்து வேலை பாக்கலையே, அப்புறம் எதுக்கு சம்பளம்னு கேப்பாங்க. 2012-லயே வந்திருந்தா பேனல் (புரோமோஷனுக்குத் தகுதியானவங்க பட்டியல்) போடுறதுக்கு முன்னாடியே ஒரு ஸ்டே கேட்டுப் பார்த்திருக்கலாம். வீட்டுக்காரர் ஆர்டரை வாங்கி ரெண்டு தடவை படிச்சார், அந்த சிவப்புக் கோடு போட்ட பழைய லிஸ்டைத் திருப்பிக் கொடுங்க சார்னு வாங்கிட்டுப் போனார்.

லிஸ்டைத் திருத்தினா இன்னொரு பக்கமும் இருக்குல்ல. வேற ஒரு துறையில ஏழு வருஷமா சூப்பரின்டென்ட்டா இருக்குறவர் போன மாசம் ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணார். அருந்ததியர், குடும்பத்துல முதல் அரசு வேலை. "சார், புது லிஸ்ட்ல என்னை அறுபது இடம் கீழ தள்ளியிருக்காங்க, இறக்கிருவாங்களா? பொண்ணுக்கு அடுத்த மாசம் கல்யாணம், பத்திரிகையில சூப்பரின்டென்ட்னு அடிச்சாச்சு." குரல் நடுங்குச்சு. பார்க்கலாம்ணே, உங்களைக் கேக்காம உடனே இறக்க முடியாது, நோட்டீஸ் கொடுக்கணும், இது தற்காலிகப் பட்டியல்தானே, ஆட்சேபணைக்கு எத்தனை நாள் போட்டிருக்காங்க?

"பதினஞ்சு நாள் சார்."

லிஸ்ட் என்னைக்கு வந்துச்சு?

"இன்னைக்கு சாயங்காலம்."

காலையில எஸ்.ஆர். ஜெராக்ஸ் எடுத்துட்டு முதல் பஸ்ல வாங்கண்ணேன்னேன்.