களிம்பைத் தேய்க்காதீர்கள்

போன வாரமும் ஒரு சிலை வந்தது. வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்த அம்மன், முக்கால் அடி உயரம். தாலுகா ஆபீஸ் வழியாக எங்கள் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தபோது புதுக் குத்துவிளக்கு மாதிரி பளபளத்தது. "புளிக்குப் போகலை சார், அப்புறம் ஆசிட் ஊத்தித் தேய்ச்சோம்" என்றார் கூட வந்தவர், பெருமையாக. இந்த வருஷம் இது மூன்றாவது.

பித்தளைப் பாத்திரத்தில் களிம்பு ஏறினால் புளி போட்டுத் தேய்க்கிறோம். சமைக்கிற பாத்திரத்துக்கு அது சரி. பல நூறு ஆண்டு மண்ணுக்குள் கிடந்த சிலையின் களிம்பை அழுக்கு என்று நினைக்காதீர்கள். சிலையின் செம்பே மண்ணோடும் ஈரத்தோடும் சேர்ந்து மாறிய தோல் அது. சிற்பி செதுக்கிய ஆடை மடிப்பும் நகைக் கோடும் பல நேரம் அந்தத் தோலில்தான் நிற்கின்றன. தேய்த்தால் அவையும் சேர்ந்து போகும். இந்த அம்மனுக்கு மூக்கே மழுங்கிவிட்டது.

ஆசிட் இன்னும் மோசம். அதிலுள்ள குளோரைடு உலோகத்துக்குள் தங்கிவிடும். ஈரம் பட்டால் வெளிர்பச்சைப் பொடியாகப் பூத்து உள்ளே அரிக்கும். சிலையில் எந்த உலோகம் எவ்வளவு என்று கணக்கிடும் எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவி மேல்தோலைத்தான் படிக்கும். ஆசிட் குடித்த தோல் தவறான கணக்கைக் கொடுக்கும். (வயதைக் கணிக்கக் கார்பன் டேட்டிங் செய்யச் சொல்லிக் கேட்காதீர்கள். உலோகத்துக்கு அது ஆகாது.)

பத்தூர் நடராஜர் 1976-இல் மண்ணிலிருந்து கிடைத்து, கடத்தப்பட்டு லண்டன் வரை போய், வழக்கு நடந்து 1991-இல் ஊர் திரும்பியவர். அவர் மேல் ஒட்டியிருந்த மண்ணையும் கறையான் தடத்தையும் பத்தூரில் கிடைத்த மற்றச் சிலைகளோடு ஒப்பிட்டதும் அந்த வழக்கில் சாட்சியம். யாராவது புளி போட்டிருந்தால் அந்தச் சாட்சியம் அன்றே சாக்கடையில் போயிருக்கும்.

சிலை தட்டுப்பட்டால் கடப்பாரையைக் கீழே வையுங்கள். கிடக்கிற இடத்திலேயே போட்டோ எடுங்கள். தண்ணீர், எண்ணெய், விபூதி எதுவும் வேண்டாம். பாலிதீன் பையில் கட்டாதீர்கள், உள்ளே வியர்க்கும். விஏஓவிடமோ தாசில்தாரிடமோ அன்றைக்கே சொல்லுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தகவல் போக வேண்டும். சாமி கிடைத்ததும் அபிஷேகம் செய்ய மனசு துடிக்கும், புரிகிறது. தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள்.

இந்த அம்மனின் பீடத்தில், திருவாசி செருகும் துளைக்குள், தேங்காய் நார் எட்டாத இடத்தில் மிளகளவு மண் மிஞ்சியிருக்கிறது. காலையிலிருந்து ஊசியால் அதைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.