காட்டில் வாழப் போகிறவர்களுக்கு ஒரு மருத்துவ எச்சரிக்கை: பட்டினி மெல்லத்தான் வரும்

எல்லாவற்றையும் விட்டுவிட்டு, வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் காட்டில் வாழ்ந்துவிடலாம் என்ற ஆசை பலருக்கு இருக்கிறது. அந்த ஆசையில் தவறில்லை. ஆனால் அதற்குத் தயாராகிறவர்கள் கத்தியும் கூடாரமும் வாங்கிச் சேர்க்கிறார்கள், பாம்புக்கும் கரடிக்கும் பயப்படுகிறார்கள், சாப்பாட்டுக் கணக்கை மட்டும் போடுவதில்லை. கிறிஸ்டோபர் மெக்கேண்டிலெஸ் என்ற இளைஞர் 1992 ஏப்ரலில் அலாஸ்கா காட்டுக்குள் தனியாக நடந்து போனார். செப்டம்பரில் அவர் உடல் கிடைத்தபோது எடை சுமார் 30 கிலோதான். 2023-ல் அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதியில், ஊர் வாழ்க்கையைத் துறந்து போன ஒரே குடும்பத்தினர் மூவர் இறந்து கிடந்தார்கள். ஊட்டச்சத்துக் குறைவும் கடுங்குளிரும்தான் காரணம்.

விறகு வெட்டி, தண்ணீர் சுமந்து, பொறிகளைப் பார்க்க நாள்தோறும் நடக்கிற ஒருவருக்கு 3000 கலோரியாவது வேண்டும். குளிரில் இன்னும் கூடும். காட்டு முயல் இறைச்சி 100 கிராமில் இருப்பது ஏறக்குறைய 120 கலோரி. அதாவது எலும்பும் தோலும் நீக்கி, ஒரு நாளைக்கு இரண்டரைக் கிலோ சதை! அது தினமும் கிடைக்காது. கிடைத்தாலும் உடம்பு ஏற்காது, ஏனென்றால் அதில் புரதம் மட்டுமே 500 கிராமைத் தாண்டிவிடும். புரதத்திலிருந்து பிரியும் நைட்ரஜனை யூரியாவாக்குவது கல்லீரலின் வேலை. அதற்கு ஓர் அளவு உண்டு. மொத்தக் கலோரியில் 35 சதவீதத்துக்கு மேல் புரதமாகவே போனால் குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி என்று தொடங்கும். வயிறு நிறையத் தின்றபடியே மெலிந்துபோவார்கள். மாற்று வழி கொழுப்பும் மாவுச்சத்தும்தான். மஜ்ஜை, மூளை, சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பு ஆகியவற்றை எறியாதீர்கள். கொழுத்த மீன், கொட்டைகள், கிழங்குகள் எங்கே எந்த மாதத்தில் கிடைக்கும் என்பதைப் போவதற்கு முன்பே ஓராண்டு முழுக்கப் பார்த்துக் குறித்துவையுங்கள்.

முதல் ஆண்டு முழுக்கக் காட்டையே நம்பிப் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஆளுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ தானியம் என்றால் ஆண்டுக்கு 180 கிலோ வரும். அதில் கிடைப்பது தேவையில் பாதியைவிடச் சற்றே அதிகம். ஒரு லிட்டர் எண்ணெயில் 8000 கலோரிக்கு மேல் இருப்பதால், சுமக்கிற எடைக்கு அதைவிட லாபமான பொருள் இல்லை. உப்பு இரண்டு கிலோ போதும், ஆனால் மறக்கக் கூடாது.

பயிர் செய்து பிழைக்கலாம் என்பவர்கள் சைபீரியாவின் லிகோவ் குடும்பத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். 1936-ல் மதக் காரணங்களுக்காகக் காட்டுக்குள் போனவர்களை 1978-ல்தான் நிலவியலாளர்கள் கண்டார்கள். மண்ணும் குளிரும் நன்கு தெரிந்த குடியானவர்கள் அவர்கள். அப்படியும் 1961 ஜூனில் பெய்த பனி தோட்டத்தை அழித்தது. தாய் அகுலினா தன் பங்கைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்துப் பட்டினியால் இறந்தார். தப்பி முளைத்த ஒரே ஒரு ரை (கோதுமை போன்ற ஒரு தானியம்) செடியை இரவு பகலாகக் காவல் காத்து, அதன் 18 மணிகளிலிருந்துதான் விதையை மீட்டார்கள். எனவே, ஒரு விளைச்சல் முழுதாகப் போனாலும் மறுபடி விதைக்கும் அளவுக்கு விதையை, இரண்டு தனித்தனி இடங்களில், எலி புகாதபடி மூடிவையுங்கள்.

<b>திரும்பும் எல்லையை முன்கூட்டியே எழுதிவையுங்கள்</b>

பட்டினி உடம்பை மட்டும் கரைப்பதில்லை, முடிவெடுக்கும் தெம்பையும் எடுத்துவிடுகிறது. 1944–45-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 36 ஆண்களுக்கு 24 வாரம் நாளொன்றுக்குச் சுமார் 1570 கலோரி மட்டும் கொடுத்தார்கள். உடல் எடையில் கால் பங்கு போனது. எதிலும் நாட்டமில்லாமல், சோர்ந்து, சாப்பாட்டைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தார்கள். கூரையும் கண்காணிப்பும் இருந்த இடத்திலேயே அப்படி என்றால், காட்டில் அந்த நிலையில் இருப்பவர் "இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்" என்றுதான் சொல்வார். ஆகவே எப்போது திரும்புவது என்பதை வயிறு நிறைந்திருக்கும்போதே, எண்களாக எழுதி, உடன் வருபவரிடமும் வெளியே இருக்கும் ஒருவரிடமும் கொடுத்துவிடுங்கள்.

காட்டில் எடைக்கருவி இருக்காது. ஒரு நூல் போதும். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் மேல்கையின் சுற்றளவை மாதம் இருமுறை அளந்து முடிச்சுப் போடுங்கள். 23 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் கிளம்புங்கள். குந்தி உட்கார்ந்து கையூன்றாமல் எழ முடியவில்லை என்றால், அளவு எதுவானாலும் கிளம்புங்கள். ஈறில் ரத்தம் கசிவதும் ஆறிய தழும்பு மீண்டும் விரிவதும் வைட்டமின் சி இல்லாததற்கான அடையாளம்; பழமும் கீரையும் இல்லாத ஒன்று முதல் மூன்று மாதத்தில் இது வரும். வெளியேறும் பாதையை எல்லாப் பருவத்திலும் பார்த்துவையுங்கள். மெக்கேண்டிலெஸ் ஜூலையில் திரும்ப முயன்றபோது, ஏப்ரலில் எளிதாகக் கடந்த ஆறு பெருகி வழியை மறித்திருந்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கலங்கிய நீரைத் தெளியவிட்டுத் துணியில் வடிகட்டி, தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவையுங்கள். கடல்மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேல் உயரமான இடத்தில் மூன்று நிமிடம். மலக்குழி நீர்நிலையிலிருந்து 60 மீட்டர் தள்ளி இருக்கட்டும். வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து குடியுங்கள். டெட்டனஸ், ரேபிஸ் தடுப்பூசிகளையும் பல் சிகிச்சையையும் முடித்துக்கொண்டே போங்கள். கோடாரி வெட்டைக் கொதித்து ஆறிய நீரால் தாராளமாகக் கழுவி, தைக்காமல் சுத்தத் துணியால் கட்டுங்கள். சாம்பலோ இலைச்சாறோ வேண்டாம். மூடிய குடிசைக்குள் கரி மூட்டித் தூங்காதீர்கள், கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே கொல்லும். காட்டுக் காளானை அறவே தொடாதீர்கள். அமானிட்டா வகையின் நஞ்சு சமைத்தாலும் அழியாது. தின்று ஆறு மணி நேரத்துக்குப் பிறகே வாந்தி தொடங்கும், ஒரு நாள் சரியானதுபோல் தோன்றும், அதற்குப் பின் கல்லீரல் செயலிழக்கும்.

<b>திரும்பி வந்தவருக்கு விருந்து வைக்காதீர்கள்</b>

குடும்பத்தினருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பத்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாதவர், அல்லது மிகவும் மெலிந்து வந்தவர், ஆசையாக வயிறு நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் சட்டென்று விழும். இதயம் நின்றுகூடப் போகலாம். முதல் நாளே மருத்துவமனையில் சேருங்கள். அங்கே சாப்பாட்டுக்கு முன் தயமின் (வைட்டமின் பி1) கொடுத்து, கிலோ எடைக்கு 10 கலோரிக்கு மேல் போகாமல், 50 கிலோ உள்ளவருக்கு நாளொன்றுக்கு 500 கலோரிக்குள் தொடங்கி, நான்கு முதல் ஏழு நாளில் மெல்லக் கூட்டுவார்கள். போகும் வழியில் ஓரிரு வாய் கஞ்சியோ பாலோ போதும், இனிப்பு வேண்டாம். அந்த முதல் வாரத்தில் கால் வீக்கம், படபடப்பு, மூச்சுத்திணறல், பேச்சில் குழப்பம் என எது தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.