பேரைச் சொல்லவே இல்லையே!

இந்த ஆண்டில் இது நான்காவது. ஒரு பெண், சபையில் தனக்குத் துணையாக அனுப்பப்பட்ட அக்காவிடம் தன் வீட்டுக் கஷ்டத்தை ஒரு செவ்வாய்க்கிழமை அழுதுகொண்டே சொல்கிறார். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அது ஜெபக்குறிப்பாகிறது. சனிக்கிழமை வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பிய பொம்மைகளோடு சுற்றுகிறது. ஞாயிறு ஆராதனை முடிந்து படியிறங்கினால், மூன்று பேர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு "எல்லாம் சரியாயிரும்மா" என்கிறார்கள்.

அந்த அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நான் பேரைச் சொல்லவே இல்லையே மேடம்! ஜெபத்துக்குத்தானே சொன்னேன்" என்றார். நடிப்பு இல்லை. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

நான் மருத்துவமனையில் மனநல ஆலோசகர். திருநெல்வேலிப் பக்கத்துச் சேகரங்கள் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகள்) சிலவற்றில், கஷ்டத்தில் இருப்பவர்களுக்குத் துணை நிற்க முன்வரும் விசுவாசிகளுக்குப் பயிற்சியும் கொடுக்கிறேன். இங்கே சொல்லும் சம்பவங்களில் ஊர், வயது, உறவு எல்லாவற்றையும் கலைத்துப் போட்டிருக்கிறேன். யாரென்று தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

ஒருவருக்கு ஒருவர் என்ற இந்த ஏற்பாடு நாம் கண்டுபிடித்ததல்ல. 1975-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் கென்னத் ஹாக் என்ற போதகர் தன் சபையார் ஒன்பது பேருக்குப் பயிற்சி கொடுத்துத் தொடங்கினார். அவர் மனநல நிபுணரும்கூட. அப்போஸ்தலர் 6-ம் அதிகாரத்தில் விதவைகளுக்குச் சாப்பாடு பங்கிடுவதைக் கவனிக்கத் தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேரில் ஒருவரான ஸ்தேவானின் பெயரையே அந்த ஊழியத்துக்கு வைத்தார். பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண். வாரம் ஒரு சந்திப்பு. கேட்டது வெளியே போகாது. நாங்கள் செய்வது அதன் அச்சு அசலான நகல் இல்லை என்றாலும் இந்த மூன்றையும் விட்டுக்கொடுப்பதில்லை. முதல் இரண்டும் நம் ஆட்களுக்கு எளிதாக வந்துவிடுகின்றன. மூன்றாவதில்தான் மொத்தமும் கவிழ்கிறது.

சரி, அந்தப் "பேரைச் சொல்லவில்லை" என்பதற்கு வருகிறேன். குழுவில் போட்டது ஏறக்குறைய இப்படி: "நம் சபையில் ஒரு சகோதரி. கணவர் வெளிநாட்டில். பணம் அனுப்பி ஐந்து மாதமாகிறது. அங்கே வேறு தொடர்பு என்று கேள்வி. இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவள் பத்தாம் வகுப்பு. பாரத்தோடு ஜெபிக்கவும்." இருநூறு குடும்பம் உள்ள சபை. கணவர் வெளிநாட்டில் இருப்பவர்கள் முப்பது பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பெண் பிள்ளைகள் என்றதும் அது ஏழெட்டாகிவிடும். மூத்தவள் பத்தாம் வகுப்பு என்றதும் ஒன்று. இதற்குப் பேரையே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டதால், ஜெபிக்க வேண்டியவர்கள் எல்லாம் முதலில் உட்கார்ந்து கண்டுபிடித்தார்கள். அந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அப்பாவைப் பற்றி அதுவரை எதுவும் தெரியாது. டியூஷனில் வைத்துத்தான் தெரிந்துகொண்டாள்.

இதற்கு வசன ஆதாரம் வேறு கையில் வைத்திருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிட்டு ஜெபியுங்கள் என்று யாக்கோபு சொல்லவில்லையா என்கிறார்கள். சொல்லியிருக்கிறார். அவரவர் தன் குற்றத்தைத் தன் வாயால் சொல்லத்தான் சொல்லியிருக்கிறார். அடுத்த வீட்டுக்காரியின் காரியத்தை நீங்கள் அறிக்கையிடும்படி எங்கேயும் சொல்லவில்லை. உண்மையுள்ளவன் காரியத்தை அடக்குகிறான் என்று நீதிமொழிகள் 11:13-ல் இருப்பதையும் ஒருமுறை வாசியுங்கள். அப்புறம், ஜெபத்தைக் கேட்கிறவருக்கு விலாசம் எதற்கு? தனியாக முழங்காலில் நின்று ஜெபித்தால் கேட்காதா? குழுவில் எண்பது பேர் 'ஆமென்' போட்டால்தான் கேட்குமா?

கத்தோலிக்கக் குருவானவர் பாவசங்கீர்த்தனத்தில், அதாவது ஒருவர் தன் பாவங்களை அறிக்கையிடும்போது, கேட்டதை இன்னார் சொன்னார் என்று வெளியிட்டால், திருச்சபைச் சட்டப்படி அந்தக் கணமே சபை விலக்கத்துக்கு ஆளாகிறார். நம்மிடம் அப்படி ஒரு பூட்டு கிடையாது. இருப்பதெல்லாம் நம் வாய்தான்.

வீட்டுக்காரரிடம் சொல்வதும் வெளியே சொல்வதுதான். "அவர் யார்கிட்டயும் சொல்ல மாட்டார்" என்று உங்களுக்கு இருக்கும் நம்பிக்கை, உங்களிடம் பேசியவருக்கும் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. நம் சபைக் குருவானவரிடம் சொல்வதானாலும் சம்பந்தப்பட்டவரைக் கேட்டுவிட்டுத்தான். ஆறு மாதம் கழித்து "சாகப்போன ஒரு ஆத்துமாவைக் கர்த்தர் என்னைக் கொண்டு காப்பாற்றினார்" என்று சாட்சி சொல்வதும் இதே கணக்கு. அது உங்கள் சாட்சி அல்ல.

அப்படியானால் பாரத்தை எங்கே இறக்கிவைப்பது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். மாதம் இரண்டு முறை துணை நிற்பவர்கள் மட்டும் கூடுகிறோம். அங்கே பேசுவது அவரைப் பற்றி அல்ல, உங்களைப் பற்றி. "அவர் அழும்போது எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை", "எனக்கே கோபம் வந்துவிட்டது" என்று கொட்டலாம். பேர், தெரு, பிள்ளைகளின் வகுப்பு எதுவும் அங்கே தேவைப்படாது. அந்தக் கூட்டத்துக்கு வராதவர்களிடமிருந்துதான் பெரும்பாலும் விஷயம் கசிகிறது என்பது என் அனுபவம்.

நானும் தவறியிருக்கிறேன். வேலைக்கு வந்த புதிதில், என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணை கோயில் அசன விருந்துப் பந்தியில் பார்த்துவிட்டு, "இப்ப தூக்கம் வருதாம்மா?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்து இலையில் மாமியார். அந்தப் பெண் அதற்கப்புறம் என்னிடம் வரவில்லை. அன்றிலிருந்து வெளியே யாரைப் பார்த்தாலும் ஸ்தோத்திரம், சாப்பிட்டீங்களா, அவ்வளவுதான். நீங்களும் அப்படியே இருங்கள். அவர் தானாகப் பேச்செடுத்தாலும், "செவ்வாய்க்கிழமை பேசுவோம்" என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எதையும் வெளியே சொல்லக்கூடாது என்று சத்தியம் செய்துகொடுத்துவிட்டு, உயிர் போகும் விஷயத்தையும் மறைத்து வைப்பவர்கள் உண்டு. அந்தச் சத்தியத்தையே செய்யாதீர்கள். முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்: "உங்க உயிருக்கோ, இன்னொருத்தர் உயிருக்கோ, ஒரு பிள்ளைக்கோ ஆபத்துன்னா மட்டும் நான் உதவி தேடுவேன். அதையும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்ய முயற்சி பண்ணுவேன்." சாக வேண்டும்போல இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விட்டுவிட்டு வராதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரை எல்லாம் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இருபத்துநான்கு மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். போலீஸ் கேஸாகிவிடும் என்று பயந்து மருந்து குடித்தவரை வீட்டிலேயே வைத்திருக்கும் கொடுமையை இன்னும் பார்க்கிறேன். 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொண்டு தண்டனையிலிருந்து காக்கிறது. முதலில் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

பிள்ளைகள் மீதான பாலியல் குற்றம் காதில் விழுந்தால் அங்கே ரகசியம் என்ற பேச்சே இல்லை. 2012-ம் ஆண்டு போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் எவரும் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. சபைக்குள் பேசித் தீர்ப்போம் என்று மூப்பர்கள் உட்கார்ந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மற்றவை சுருக்கமாக. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு எந்த அதிகாரமும் இல்லை, விசுவாசத்தின் பேரிலும் இல்லை. சந்திப்பு முடிந்ததும் குரல் பதிவு, குறிப்பு எதுவும் போனில் வேண்டாம். உங்கள் போனில் பேரன் கேம் விளையாடுகிறான். பணம் கொடுக்கவோ வாங்கவோ வேண்டாம். அடித்த கணவரிடம் போய் "அவங்க என்கிட்ட சொன்னாங்க" என்று சமாதானம் பேசவே வேண்டாம். அன்றிரவு அடி வாங்குவது அந்தப் பெண்தான். வேதத்தில், எல்லாவற்றையும் இழந்த யோபுவோடு அவருடைய சிநேகிதர்கள் ஏழு நாள் வாயைத் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் செய்தார்கள்.

இதை வாசிக்கும் பெண்கள் சங்கத்து அக்காமார்களே, தயவுசெய்து இன்றைக்கே உங்கள் குழுவைத் திறந்து பாருங்கள். இப்படிப்பட்ட குறிப்பு ஏதாவது கிடந்தால் அழித்துவிடுங்கள். நாள் கடந்திருந்தால் உங்கள் போனில் மட்டும்தான் அழியும். போட்டவர் நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டியதுதான்.

முதலில் நான் சொன்ன பெண் இப்போது தன் கோயிலுக்கு வருவதில்லை. ஞாயிறு காலை இரண்டு பேருந்து மாறி, தன்னைத் தெரியாத ஒரு சபைக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வருகிறார். போன வாரம் அதே வாட்ஸ்அப் குழுவில் ஒரு குறிப்பு போட்டிருந்தார்களாம்: "நம் சபைச் சகோதரி ஒருவர் சில மாதங்களாக ஆராதனைக்கு வருவதில்லை. காரணம் தெரியவில்லை. பாரத்தோடு ஜெபிக்கவும்."