ஆதாரம் தேடுவது பல் மருத்துவரின் வேலையல்ல

புரளக்கூடத் தெரியாத கைக்குழந்தை. மேலுதட்டை ஈறோடு பிணைக்கும் மெல்லிய சவ்வு கிழிந்து ரத்தம். ‘கட்டிலிலிருந்து விழுந்துவிட்டது’ என்று தூக்கிவந்தவர் சொல்ல, ரத்தத்தை நிறுத்தி, மருந்து எழுதி அனுப்பிவிட்டார் நண்பர் ஒருவர். இராமநாதபுரத்தில் பல் மருத்துவர்கள் சிலர் கூடியிருந்தபோது இதை அவர் போகிறபோக்கில் சொன்னார். கேட்டவர்களும் தலையாட்டினார்கள். குழந்தைக் கொடுமையின் அடையாளமாக இருக்கக்கூடிய காயத்தை இப்படித் தலையாட்டிக் கடந்துபோவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

நடை பழகும் குழந்தை குப்புற விழுந்தால் அந்தச் சவ்வு கிழியும், அது சகஜம். புரளாத குழந்தைக்கு எப்படிக் கிழிந்தது? அழும் வாயில் பாட்டிலையோ கரண்டியையோ முரட்டுத்தனமாகத் திணித்தாலும் கிழியும். கேட்டிருக்க வேண்டாமா?

அடித்துத் துன்புறுத்தப்படும் குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் தலை, முகம், கழுத்தில்தான் காயம் இருக்கிறது. நாம் விளக்கைப் போட்டு நாள்முழுக்கப் பார்க்கும் இடம் அதுதான். ஓடியாடும் பிள்ளை விழுந்தால் நெற்றி, மூக்கு, தாடை, முழங்கால் எனத் துருத்திய இடங்களில் அடிபடும். காதுமடல், காதின் பின்பக்கம், கழுத்து, இரண்டு கன்னமும் ஒருசேரக் கன்றியிருந்தால் விழுந்த கதையை அப்படியே நம்பாதீர்கள். கெட்ட வார்த்தை பேசியதற்குக் கரண்டியைக் காய்ச்சி உதட்டில் சூடு வைப்பதைக் ‘கண்டிப்பு’ என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது குற்றம்.

வாயின் மேற்கூரையான அண்ணத்தின் பின்பகுதியில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் கடும் இருமல், வாந்தி, தொண்டைத் தொற்று இருந்ததா என்று கேளுங்கள். அவை எதுவும் இல்லையென்றால் பாலியல் கொடுமையையும் மனதில் வையுங்கள்.

‘ஆதாரம் இல்லாமல் எப்படிப் புகார் செய்வது?’ என்ற கேள்விதான் எனக்குப் பெரிய எரிச்சல். உங்களிடம் ஆதாரம் யார் கேட்டார்கள்? விசாரிப்பது போலீஸ், முடிவு சொல்வது நீதிமன்றம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19-ஆவது பிரிவைப் படியுங்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்று அஞ்சினாலும், சிறப்புச் சிறார் காவல் பிரிவிடமோ உள்ளூர்க் காவல் நிலையத்திலோ சொல்ல வேண்டும். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மீது வழக்குப் போட முடியாது. நடந்தது தெரிந்தும் வாய்மூடி இருந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அடி, சூடு போன்ற கொடுமைகளுக்கு 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் இருக்கிறது. குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைத்தும் சொல்லலாம், கட்டணம் கிடையாது. ‘ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள்’ என்று கரையோர ஊர்களில் அடிக்கடி கேட்கிறேன். குழந்தைக்கு நடந்த குற்றத்தைப் பேசி முடிக்க எந்த ஊருக்கும் அதிகாரமில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வாய் நிறையச் சொத்தைப் பல் இருந்தால் உடனே ‘பெற்றோரின் அலட்சியம்’ என்று எழுதும் இளம் மருத்துவர்களே, கொஞ்சம் பொறுங்கள். அப்பா கடலிலோ வளைகுடாவிலோ இருப்பார். அம்மா விடியலில் கடல்பாசி எடுக்கப் போயிருப்பார். கடலோர ஊரான வாலிநோக்கத்திலிருந்து இராமநாதபுரம் வந்து போனால் ஒருநாள் கூலி போயிற்று. நோயை விளக்கிச் சொல்லி, இலவசச் சிகிச்சைக்கு வழிகாட்டி, போன் செய்து நினைவூட்டிய பிறகும் சீழ்பிடித்த வலியோடு பிள்ளையை விட்டுவைத்தால்தான் அது புறக்கணிப்பு. விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அப்பாக்களே பிள்ளைகளை அழைத்துவருவார்கள். நிதானமாகப் பேச அதைவிட நல்ல காலம் கிடைக்காது.

சந்தேகம் வந்தால் கூட வந்தவரை அதட்டாதீர்கள். அந்தக் கோபம் வீட்டுக்குப் போனதும் பிள்ளைமேல் இறங்கும். பெண் உதவியாளர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, ‘எப்படி அடிபட்டது தம்பி?’ என்று மட்டும் கேளுங்கள். ‘அப்பா அடித்தாரா?’ என்று வாயில் வார்த்தையைப் போடாதீர்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். பிள்ளை சொன்னதையும் பெரியவர் சொன்னதையும் சொன்னபடியே, தேதி, நேரத்தோடு கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். காயத்தின் அளவு, இடம், நிறம் எல்லாம் வேண்டும். நிறத்தை வைத்து ‘மூன்று நாள் பழைய காயம்’ என்று மட்டும் கணித்துவிடாதீர்கள், அது நம்பத்தக்கதல்ல. வீட்டுக்கு அனுப்பினால் ஆபத்து என்று தோன்றினால் அரசு மருத்துவமனையில் சேர்க்க ஏற்பாடு செய்துவிட்டு, அன்றே தகவல் சொல்லுங்கள்.

பெற்றோரே, மருத்துவர் இப்படிக் கேட்டால் தயவுசெய்து கோபப்படாதீர்கள். உண்மையிலேயே விழுந்த பிள்ளையின் அம்மாவிடமும் இதைத்தான் கேட்போம்.

கடைசியாக, சக மருத்துவர்களுக்கு. காயத்தைப் படம் எடுப்பது பதிவுக்காக. ‘கண்டுபிடியுங்கள் பார்ப்போம்’ என்று அதை வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு அல்ல. போட்டவர்கள், கோப்பில் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, குழுவிலிருந்து அதை இன்றே அழித்துவிடுங்கள்.