பணியிடை நீக்கம்: 90 நாள் விதி யாரைக் காக்கிறது?

பணியிடை நீக்கம் தண்டனை அல்ல என்கின்றன விதிகள். விசாரணை முடிவதற்குள் ஊழியர் கோப்புகளைத் திருத்திவிடக் கூடாது, சாட்சிகளை மிரட்டிவிடக் கூடாது என்பதற்காக அவரைச் சிறிது காலம் ஒதுக்கிவைக்கும் ஏற்பாடு, அவ்வளவுதான். ஆனால் என்ன குற்றச்சாட்டு என்றே தெரியாமல் மாதக்கணக்கில் வீட்டில் இருப்பவரிடம், ஊராருக்குப் பதில் சொல்லிக் களைத்த அவர் குடும்பத்தாரிடம், இது தண்டனை இல்லை என்று எப்படிச் சொல்வது? அரசும் ஒரு வேலையும் வாங்காமல் பாதிச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

மத்திய அரசு ஊழியர்களில் பெரும்பாலோருக்கு 1965ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணிகள் (வகைப்பாடு, கட்டுப்பாடு, மேல்முறையீடு) விதிகளில் 10ஆம் விதி பொருந்தும். ரயில்வேக்கும் மாநில அரசுகளுக்கும் தனி விதிகள் உண்டு. துறை நடவடிக்கை நிலுவையில் இருந்தாலோ, எடுக்க உத்தேசித்திருந்தாலோ, குற்ற வழக்கு நடந்தாலோ பணியிடை நீக்கம் செய்யலாம். 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டவராகவே கருதப்படுவார். இடமாற்றம் செய்தால் போதுமா, அவர் கேட்டால் விடுப்புக் கொடுத்து ஒதுக்கிவைக்கலாமா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பதும் அரசின் அறிவுரைதான். நடைமுறையில் பல அலுவலகங்கள் அதை மறந்துவிடுகின்றன.

2004இல் நடைமுறைக்கு வந்த திருத்தம்தான் முக்கியமானது. உத்தரவு பிறந்த 90 நாள்களுக்குள் சீராய்வுக் குழு கூடி அதைப் பரிசீலிக்க வேண்டும். பரிசீலித்து நீட்டிக்காவிட்டால் உத்தரவு செல்லாது. கெடு கடந்தபின் பரிசீலித்து அதற்கு உயிர் கொடுக்க முடியாது என்று தீபக் மாலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே சீராய்வு எந்தத் தேதியில் நடந்தது என்பதை ஊழியர் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். காவலில் இருப்பவருக்கு மட்டும் இந்தக் கணக்கு, விடுதலையான பின்னரே தொடங்கும்.

2015 பிப்ரவரியில் அஜய் குமார் சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. மூன்று மாதங்களுக்குள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை (குற்றச்சாட்டுகளை எழுத்தில் தெரிவிக்கும் ஆணை) தரப்படாவிட்டால் பணியிடை நீக்கம் அதற்கு மேல் நீடிக்கக் கூடாது. தந்திருந்தால், காரணம் எழுதி நீட்டிக்கலாம். வழக்குத் தொடுத்த அதிகாரிக்கு இந்தத் தீர்ப்பு பயன்படவில்லை, அதற்குள் அவருக்குக் குறிப்பாணை வந்துவிட்டது. 2016 ஆகஸ்டில் பணியாளர், பயிற்சித் துறை இதைச் சுற்றறிக்கையாகவும் அனுப்பியது. ஆனால் மூன்று மாதம் முடிந்ததும் தானாகவே ரத்தாகிவிடும் என்று இந்தத் தீர்ப்பைப் படிக்க முடியாது என 2022இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு கூறிவிட்டது. தமிழ்நாட்டு ஊழியர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டே வழக்குப் போட வேண்டும்.

என் பார்வையில் சீர்திருத்தம் பாதி வழியில் நிற்கிறது. ஒவ்வொரு நீட்டிப்பும் 180 நாள்களைத் தாண்டக் கூடாது என்று விதி சொல்கிறது. எத்தனை முறை நீட்டிக்கலாம் என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் 2014இல் வெளிவந்த தணிக்கை அறிக்கை ஒன்று, 263 கூட்டாட்சி ஊழியர்கள் முழுச் சம்பளத்துடன் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை வேலையின்றி வைக்கப்பட்டிருந்ததைக் காட்டியது. 2016இல் அங்கே சட்டம் வந்தது. விசாரணை விடுப்பைக் குறிப்பிட்ட காலத்துக்கு மேல் நீட்டிக்கும் துறை, நாடாளுமன்றக் குழுக்களுக்குக் காரணம் எழுத வேண்டும். இங்கே அந்தக் காரணம் துறைக்குள்ளேயே கோப்பில் கிடக்கிறது. மொத்தக் காலத்துக்கு ஒரு வரம்பும், அதைத் தாண்டினால் துறைக்கு வெளியே பதில் சொல்லும் கடமையும் நம் விதிகளுக்குத் தேவை.

இனி பணம். அடிப்படை விதி 53இன்படி கிடைப்பது பிழைப்பூதியம்: அரைச் சம்பள விடுப்பில் கிடைக்கும் தொகையும் அதற்குரிய அகவிலைப்படியும். அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய் என்றால் முதல் மூன்று மாதம் 20,000 ரூபாயும் அகவிலைப்படியும். அதன்பின், தாமதம் ஊழியரால் நேரவில்லை என்றால் அந்த 20,000 ரூபாயை 30,000 வரை உயர்த்தலாம். அவரே இழுத்தடித்தால் 10,000 வரை குறைக்கலாம். வேறு வேலை எதிலும் இல்லை என்ற சான்றை அவர் தர வேண்டும். வருமான வரி, அரசுக் குடியிருப்பு வாடகை, அரசுக் கடன் தவணை ஆகியவை பிடிக்கப்படும். ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்தை அவர் எழுதிக் கொடுத்தால்தான் பிடிக்கலாம்.

உத்தரவை எதிர்த்து 45 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மீண்டும் பணியில் சேரும்போது, விலகியிருந்த காலத்தை எப்படிக் கணக்கிடுவது என்று அதிகாரி தனி உத்தரவு போட வேண்டும். பணியிடை நீக்கம் முற்றிலும் நியாயமற்றது என்று முடிவானால் முழுச் சம்பளம் உண்டு. பலருக்குத் தெரியாத ஒன்று: பணிநீக்கம், பதவியிறக்கம் போன்ற பெருந்தண்டனைக்காகத் தொடங்கிய நடவடிக்கை, கண்டனம் போன்ற சிறுதண்டனையில் முடிந்தாலும், 1985 டிசம்பர் 3ஆம் தேதி ஆணைப்படி, பணியிடை நீக்கம் நியாயமற்றது என்றே கருதப்பட்டு முழுச் சம்பளம் தரப்பட வேண்டும். கணக்குப் பிரிவு அதைத் தானாகச் சொல்லாது. ஆணையின் தேதியைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள்.